புதிய பிராசசர் போட்டும் டைம்லைன் திக்குகிறது: மூன்று கேமரா, 4கே, 50 பிரேம்

தேனிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தேனிப் பக்கம் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சீர், அவ்வப்போது கும்பாபிஷேகம். படம் பிடிப்பதும் நான்தான், எடிட்டிங்கும் நான்தான். முகூர்த்த நாள்களில் மட்டும் தெரிந்த பையன்கள் இருவரைக் கூட்டிக்கொள்வேன்.

சென்ற சீசன் வரை என்னிடம் இருந்தது ஐ7-4770. நான்கு கோர், 2013-இல் வந்த பிராசசர். முழு எச்டி, 50 பிரேம், மூன்று கேமரா, எல்லாவற்றையும் முணுமுணுக்காமல் ஓட்டியது. இந்த சீசனுக்குக் கேமராக்களை மாற்றி 4கே-க்குப் போனேன். கேமரா மாறினால் கணினியும் மாற வேண்டுமே என்று அதையும் மாற்றினேன்: ஐ5-12400எஃப், 32 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, ஒரு டெராபைட் என்விஎம்இ. "எடிட்டிங்குக்கு இதற்கு மேல் தேவையே இல்லை, பறக்கும்" என்றார் கடைக்காரர்.

பறக்கவில்லை. மூன்று கேமராவை ஒன்றாக அடுக்கி மல்டிகேம் போட்டால் இரண்டு நொடி ஓடுகிறது, பிறகு படம் நின்றுவிடுகிறது. ஒலி மட்டும் நிற்பதில்லை. தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளம் முழங்கிக்கொண்டே போகிறது, மாப்பிள்ளையின் கை பாதி வழியில் அப்படியே தொங்குகிறது. அடுத்துப் படம் அசையும்போது மூன்றாவது முடிச்சு முடிந்து அட்சதை விழுந்துகொண்டிருக்கிறது. நான் எங்கே வெட்டுவது?

ஒரே கேமராவை மட்டும் போட்டால் ஓரளவு ஓடுகிறது. பின்னோக்கி இழுத்தால் அதுவும் சுத்தமாக நின்றுவிடுகிறது. பிளேபேக் தரத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தும் பார்த்துவிட்டேன், பெரிய மாற்றம் இல்லை. பழைய முழு எச்டி கோப்புகளைப் போட்டால் இதே கணினியில் பட்டாசாக ஓடுகின்றன.

கேமரா அமைப்பு: 4கே, 50 பிரேம், எச்.265, 10 பிட், நொடிக்கு 200 மெகாபிட்.

இன்னும் பெரிய பிராசசர் வாங்க வேண்டுமா, கார்டை மாற்ற வேண்டுமா, ராமைக் கூட்ட வேண்டுமா? வாங்கியதற்கே தவணை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


கோர்ப்பிரியன் எழுதியது:

ஆறு கோரை வைத்துக்கொண்டு 4கே மல்டிகேம் எல்லாம் ஆசைப்படக்கூடாது நண்பரே. 16 கோர் பிராசசருக்குப் போங்கள், ராமை 64 ஆக்குங்கள். எடிட்டிங் என்றாலே கோர்தான். மற்றதெல்லாம் பேச்சு.


வெட்டி_ஒட்டி எழுதியது:

புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பிராக்ஸி போடுங்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாக் கிளிப்புகளையும் 1080-இல் புரோரெஸ் பிராக்ஸியாக மாற்றச் சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் எழுந்து அந்தச் சின்னக் கோப்புகளை வைத்து வெட்டுங்கள். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருளே மூலக் கோப்புகளை எடுத்துக்கொள்ளும். நான் இன்றும் பழைய மடிக்கணினியில்தான் வேலை செய்கிறேன், 4கே-தான் கொடுக்கிறேன், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. புரோரெஸ் பிராக்ஸி 1080, 25 பிரேமில் நொடிக்கு 40 மெகாபிட்டுக்கும் கீழேதான் வரும். 50 பிரேம் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. இடமும் பெரிதாக அடைக்காது.


தேனிக்காரன் எழுதியது:

நன்றி அண்ணா. பிராக்ஸி எனக்குத் தெரியும், ஆல்பம் வேலைக்கு அப்படித்தான் செய்யப்போகிறேன். ஆனால் இப்போது எங்கள் பக்கம் புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. காலையில் நடந்த முகூர்த்தத்தை அன்று மாலை வரவேற்பிலேயே எல்இடி திரையில் நான்கு நிமிடப் படமாகப் போட்டுக் காட்ட வேண்டும். எட்டு மணிக்குத் தாலி கட்டி முடிகிறது என்றால், பந்தி, மறுவீடு எல்லாம் படமெடுத்துவிட்டு நான் கணினி முன் உட்காரவே பதினொன்று ஆகிவிடும். மாலை ஆறரைக்குப் படம் திரையில் இருக்க வேண்டும். இதற்கு நடுவில் தூங்குவதற்கு ராத்திரி எங்கே இருக்கிறது?

அதோடு, மண்டபத்து மணமகன் அறையில்தான் கணினியை வைத்து வேலை செய்வேன். பெண்ணின் அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "இந்த இடத்தில் பெரியப்பா முகமே வரவில்லையே, இன்னொரு கேமராவில் இருக்கிறாரா, காட்டுங்கள்" என்பார். அப்போது படம் திக்கினால் என் மானம் போகிறது.

கோர்ப்பிரியன் அண்ணா, 16 கோர் இப்போது என்னால் முடியாது.


உறையூர் எடிட்டர் எழுதியது:

தம்பி, ஒரு ரூபாயும் செலவழிக்காமல் முதலில் இரண்டைப் பார்த்துச் சொல்லுங்கள். கேமராவில் எடுத்த ஒரு கிளிப்பை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து, குரோமா சப்சாம்பிளிங் (புள்ளிகளுக்கு நிறத் தகவல் எவ்வளவு வைத்திருக்கிறது என்பது) என்ற வரிக்கு நேராக என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு, டைம்லைன் ஓடும்போது விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) பக்கத்தில் வீடியோ டிகோட், அதாவது சுருக்கிய படத்தைப் பிரிக்கும் வேலை, என்று ஒரு வரைபடம் இருக்கும், அது அசைகிறதா என்று பாருங்கள். முதலாவதில் 4:2:2 என்று இருக்கும், இரண்டாவதில் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பார்த்துவிட்டு வருவதற்குள் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். பிராசசர் வேகம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது, என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

நான் திருச்சியில் இந்தத் தொழிலுக்கு வந்தபோது இரண்டு டெக், நடுவில் ஒரு மிக்சர். நாடாவிலிருந்து நாடாவுக்கு வெட்டுவோம். அப்போது எல்லாமே ரியல் டைம். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்தே தீர வேண்டும். கணினி வந்த பிறகுதான் ரியல் டைம் தொலைந்துபோனது. அதைத் திரும்பப் பிடிப்பதற்குத்தான் பிராசசர் கம்பெனிகள் இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

அன்றைய கணக்கைப் பாருங்கள். 720-க்கு 576 புள்ளி, ஒரு புள்ளிக்கு இரண்டு பைட், நொடிக்கு 25 பிரேம். சுருக்காமல் வைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 21 எம்பி. அந்த நாளைய சாதாரண ஹார்ட் டிஸ்க்கால் இதை விடாமல் கொடுக்க முடியாது. ஆகவே அன்று தடை டிஸ்க். அப்புறம் மினிடிவி கேசட் வந்தது. கேமராவுக்குள்ளேயே ஐந்தில் ஒன்றாகச் சுருக்கிவிடும். ஒலியும் சேர்த்து நொடிக்கு 3.6 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. டிஸ்க் பிழைத்துக்கொண்டது. சுருக்கியதைப் பிரிக்கும் வேலை பிராசசர் தலையில் விழுந்தது. (இதற்கு நடுவில் ஏவிஐ கோப்பு 2 ஜிபியைத் தாண்டக்கூடாது என்று ஒரு கூத்து இருந்தது. முழுக் கல்யாணத்தையும் ஒன்பதரை நிமிடத் துண்டுகளாகப் பிடித்து வைப்போம். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள்.)

வெறும் வெட்டு என்றால் பிரச்சினை இல்லை. ஒரு டிசால்வ் போட்டால் போதும், இரண்டு படத்தைப் பிரித்து, புள்ளி புள்ளியாகக் கலந்து, மறுபடியும் சுருக்கி, எல்லாவற்றையும் 40 மில்லி நொடிக்குள் முடிக்க வேண்டும். பென்டியம் 3 வந்த புதிதில் அதற்கு மூச்சு முட்டியது. டைம்லைனுக்கு மேல் சிவப்புக் கோடு வரும். ரெண்டர் போட்டால்தான் பார்க்கலாம். ரெண்டர் முடிவதற்குள் மின்சாரம் போய்விடும். அதனால்தான் மேட்ராக்ஸ் ஆர்டி2000, பினாக்கிள் டிவி500, கனோபஸ் டிவிஸ்டார்ம் என்று தனி ரியல் டைம் கார்டுகளைக் கணினியின் விலைக்குச் சரிசமமாகப் பணம் கொடுத்து வாங்கிச் செருகினோம்.

பிராசசரும் சும்மா இருக்கவில்லை. இன்டெல் 1997 ஜனவரியில் பென்டியத்தில் எம்எம்எக்ஸ் சேர்த்தது, 57 புதிய கட்டளைகள். ஒரே கட்டளையில் எட்டுப் புள்ளிகளைக் கூட்டலாம். 1999-இல் பென்டியம் 3-உடன் எஸ்எஸ்இ, 2000 நவம்பரில் பென்டியம் 4-உடன் எஸ்எஸ்இ2. ஆப்பிள் பக்கம் ஜி4-இல் ஆல்டிவெக். விளம்பரத்தில் மெகாஹெர்ட்ஸைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். எங்கள் சிவப்புக் கோட்டை அழித்ததில் பாதிப் பங்கு இந்தக் கட்டளைகளுக்கு உண்டு. 3 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வந்த காலத்தில் கார்டே இல்லாமல் மென்பொருளிலேயே டிசால்வ் ஓட ஆரம்பித்தது. கார்டு விற்ற கனோபஸே எடியஸ் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. நம் ஊர்க் கல்யாண வீடியோக்காரர்கள் பலர் இன்றும் அதை விடவில்லை, நானும்தான்.

2004-இல் கடிகார வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொண்டு நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ அறிவித்துவிட்டுக் கைவிட்டார்கள். சூடு தாங்கவில்லை. 2005-இலிருந்து கோர் கோராகச் சேர்க்கத் தொடங்கினார்கள். கோர்ப்பிரியன் சொல்வது அங்கிருந்து வந்த பழக்கம். எக்ஸ்போர்ட் போடவும், எஃபெக்ட் கணக்கிடவும் கோர் உதவும், மறுக்கவில்லை. உங்கள் கதையில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் கணக்குக்கு வருவோம். 4கே-யின் ஒரு பிரேமில் பழைய பால் (PAL) டிவி பிரேமைப் போல் சரியாக இருபது மடங்கு புள்ளிகள். அதுவும் நொடிக்கு 25 இல்லை, 50. அப்படியானால் நாற்பது மடங்கு. கெடுவோ 40 மில்லி நொடியிலிருந்து 20-ஆகக் குறைந்துவிட்டது. சுருக்காமல் வைத்தால் உங்கள் ஒரு கேமராவே நொடிக்கு ஒரு ஜிபியைத் தாண்டும். கேமரா அதை 200 மெகாபிட்டாக, அதாவது 25 எம்பியாக, நாற்பதில் ஒன்றுக்குச் சுருக்கிக் கொடுக்கிறது. வேடிக்கையைக் கவனியுங்கள்: இந்த 25 எம்பி, அன்று எங்கள் டிஸ்க்கைத் திணறடித்த 21 எம்பிக்குப் பக்கத்தில்தான் வருகிறது. இன்று உங்கள் என்விஎம்இ அதைத் தூக்கத்திலேயே கொடுத்துவிடும். முழுக் கஷ்டமும் பிரிப்பதில்தான்.

மினிடிவியில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். எடுத்தால் பிரித்துக்கொள்ளலாம். எச்.265 பால்காரர் கணக்கு நோட்டைப் போன்றது. மாத முதல் தேதிக்கு மட்டும் முழுப் பாக்கி எழுதியிருக்கும், மற்ற நாள்களில் கூடியதும் குறைந்ததும்தான். பதினேழாம் தேதிப் பாக்கி என்ன என்றால் ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். போதாக்குறைக்கு, சில பிரேம்கள் பின்னால் வரப்போகும் பிரேமையும் பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் பின்னோக்கி இழுக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அந்தக் கூட்டலை மறுபடி போட வேண்டியிருக்கிறது. அங்கே நின்றுவிடுவது அதனால்தான். பிளேபேக் தரத்தை நான்கில் ஒரு பங்காக்கியும் பயன் இல்லாததற்குக் காரணமும் இதுதான். முழுப் பிரேமையும் பிரித்த பிறகுதான் சின்னதாக்க முடியும். கலர், எஃபெக்ட் வேலைக்கு அந்தத் தரக் குறைப்பு உதவும், பிரிப்பதற்கு உதவாது. ஒலி நிற்காமல் ஓடுவதும் இயல்புதான். மென்பொருள் ஒலியைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு, கெடு தவறிய படங்களைத் தூக்கிப் போட்டுவிடும்.

இவ்வளவு கூட்டலைப் பொதுவான கோர்களில் செய்வது வீண் என்பதால், இதற்கென்றே சிப்பின் மூலையில் ஒரு தனிப் பகுதி வைத்தார்கள். இன்டெலில் குயிக் சிங்க் என்ற பெயரில் 2011-இல் சாண்டி பிரிட்ஜ் வரிசைப் பிராசசர்களுடன் வந்தது. என்விடியா கார்டுகளில் என்விடெக். ஆப்பிள் எம்1-இல் மீடியா எஞ்சின். கைபேசி 4கே-யைச் சூடாகாமல் ஓட்டுவதும் இப்படிப்பட்ட ஒரு பகுதியால்தான். இது இருந்தால் ஆறு கோர் தாராளம். இல்லையென்றால் 16 கோரும் மூச்சு வாங்கும்.

இனி உங்கள் கணினி. அந்தத் தனிப் பகுதிக்கு எல்லா வகையும் தெரியாது. தெரிந்த வகையைத்தான் பிரிக்கும். 4:4:4 என்றால் எல்லாப் புள்ளிக்கும் தனி நிறம், 4:2:2 என்றால் இரண்டு புள்ளிக்கு ஒரு நிறம், 4:2:0 என்றால் நான்கு புள்ளிக்கு ஒன்று. உங்கள் 3060, எச்.265-இல் 4:2:0-ஐ எடுக்கும், 4:4:4-ஐயும் எடுக்கும், நடுவில் இருக்கும் 4:2:2-ஐத் தொடாது. வீட்டில் பார்க்கிற படமெல்லாம் 4:2:0 என்பதால் வெகுநாள் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் என்விடியா அதைச் சேர்த்தது. இன்டெல் மேசைக் கணினிகளில் 11-ஆம் தலைமுறையிலிருந்தே 4:2:2 உண்டு. உங்களுடையது 12. இருந்திருக்க வேண்டும். ஆனால் பெயரின் கடைசியில் எஃப் என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அதற்கு உள் கிராபிக்ஸ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி) இல்லை என்று பொருள். உள் கிராபிக்ஸ் இல்லையென்றால் குயிக் சிங்க்கும் இல்லை. விளையாட்டுக் கணினி கட்டுகிறவர்களுக்கு அது நஷ்டமே இல்லை, விலையும் கொஞ்சம் குறைவு. அதனால் கடைகளில் கார்டோடு சேர்த்து எஃப்-ஐத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

ஆக உங்களிடம் 4:2:2 பிரிக்கத் தெரிந்த பகுதி ஒன்றுகூட இல்லை. மூன்று கேமராவின் பாரமும் ஆறு கோர் மேல். உங்கள் பழைய கோப்புகள் 8 பிட் எச்.264, 4:2:0-ஆக இருந்திருக்கும். அவற்றை 3060 சிரித்துக்கொண்டே ஓட்டும். புதிய கணினியில் அவை மட்டும் பட்டாசாக ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

வழி என்ன? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம். கேமரா மெனுவில் 4:2:2 10 பிட்டுக்குப் பக்கத்திலேயே 4:2:0 10 பிட் என்று இருக்கும். அதற்கு மாற்றி, மூன்று கேமராவிலும் ஆளுக்கு இரண்டு நிமிடம் எடுத்து, டைம்லைனில் போட்டுப் பாருங்கள். 10 பிட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். மண்டபத்து மஞ்சள் விளக்கில் முகத்தைச் சரிசெய்ய அதுதான் உயிர்.

ஒன்று கவனம். எச்.265-இல்தான் இது. மாற்றும்போது தவறிப்போய் எச்.264 10 பிட்டைத் தேர்ந்தெடுத்தால் பழைய குருடிதான்; அதை உங்கள் கார்டும் பிரிக்காது, 12-ஆம் தலைமுறை இன்டெலின் உள் கிராபிக்ஸும் பிரிக்காது.


தேனிக்காரன் எழுதியது:

அக்கா, பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியேதான். மீடியாஇன்ஃபோவில் 4:2:2. டாஸ்க் மேனேஜரில் சிபியு நூறில் நிற்கிறது, வீடியோ டிகோட் பூஜ்யம். கார்டின் விசிறிகூடச் சுற்றவில்லை. கார்டு கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக இருந்தேன்.

4:2:0 10 பிட்டுக்கு மாற்றினேன், 150 மெகாபிட் என்று காட்டியது. அம்மாவின் அரக்குப் பட்டுப் புடவையைக் கொடியில் போட்டு, குத்துவிளக்கை ஏற்றி வைத்து, மூன்று கேமராவிலும் எடுத்தேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டைம்லைனில் போட்டதும் மூன்றும் ஒன்றாக ஓடின. டிகோட் கோடு மேலே ஏறி அங்கேயே நிற்கிறது, சிபியு பாதிக்கும் கீழே. ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு எண் விசையைத் தட்டித் தட்டி மாற்றிக்கொண்டே போனேன், நிற்கவில்லை. பின்னோக்கி இழுத்தால் மட்டும் கொஞ்சம் தயங்குகிறது, அது பரவாயில்லை.

ஏற்கெனவே 4:2:2-இல் எடுத்த ஒரு கல்யாணம் கையில் இருக்கிறது. அதற்கு வெட்டி_ஒட்டி அண்ணா சொன்ன பிராக்ஸியை இன்று ராத்திரி போட்டுவிடுகிறேன்.


ஒளிக்கணக்கு எழுதியது:

கணினி ஓடவில்லை என்பதற்காகக் கேமராவின் தரத்தைக் குறைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 4:2:0-இல் நிறத் தகவல் பாதியாகிவிடுகிறது. சிவப்பில்தான் அது பளிச்சென்று தெரியும். நம் கல்யாணத்தில் சிவப்பைத் தவிர என்ன இருக்கிறது? கூரைப்புடவை, குங்குமம், வாழைப்பூ, நாகஸ்வரக்காரர் நெற்றி வரைக்கும் சிவப்பு. பச்சைத் திரையில் எடுத்து வெட்டினால் முடி ஓரம் பல் பல்லாக நிற்கும். கணினிதான் கேமராவுக்கு ஏற்ப மாற வேண்டும்.


உறையூர் எடிட்டர் எழுதியது:

பச்சைத் திரைக்கு 4:2:2 வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தேனித் தம்பி பச்சைத் திரை கேட்கவில்லை.

சிவப்புக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 4கே 4:2:0 என்றால் வெளிச்சம் 3840-க்கு 2160, நிறம் 1920-க்கு 1080. தம்பி மாலையில் எல்இடி திரைக்குக் கொடுப்பதும், வீட்டாருக்குப் பென் டிரைவில் கொடுப்பதும் எது? முழு எச்டி, 1920-க்கு 1080. டைம்லைனை முழு எச்டியில் வைத்து 4கே-யை அதற்குள் சுருக்கினால், ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கே அதற்கான நிறம் கிடைத்துவிடுகிறது. பழைய எச்டி கேமராவில் 4:2:2-இல் எடுத்ததைவிட அது மேல். எல்இடி திரையில் விளக்கு விளக்காக எண்ணுகிற அளவுக்குப் புள்ளிகள் பெரிதாக இருக்கும். அதில் பட்டுச் சரிகையின் ஓரத்தைத் தேடுகிறவர் யாரும் பந்திக்குப் போகாமல் அங்கே நிற்கமாட்டார்.

4கே-யாகவே யாராவது கேட்டு, கலர் வேலையும் நிறைய இருந்தால் அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் 4:2:2 வைத்துப் பிராக்ஸி போட்டுக்கொள்ளட்டும். எல்லாக் காதுகுத்துக்கும் உச்ச அமைப்பை வைத்து மெமரி கார்டையும் டிஸ்க்கையும் நிரப்புவது எனக்கு உடன்பாடில்லை.


கோர்ப்பிரியன் எழுதியது:

அப்படியானால் பிராசசரை மாற்றவே வேண்டாம் என்கிறீர்களா அக்கா? அதே ஐ5-12400 எஃப் இல்லாமல் கிடைக்குமே. மதர்போர்டு அதேதான், பழையதை விற்றுவிட்டால் பெரிய செலவு இல்லை. பிறகு 4:2:2-ஐயே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?


உறையூர் எடிட்டர் எழுதியது:

நல்ல கேள்வி. மாற்றலாம், தவணை முடிந்த பிறகு. ஆனால் மாற்றுவதென்றால் 12400 வேண்டாம், 12500 பாருங்கள். இரண்டும் ஆறு கோர், கடிகாரத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 12400-இன் உள் கிராபிக்ஸில் பிரித்துச் சுருக்கும் எஞ்சின் ஒன்றுதான், 12500-இல் இரண்டு. ஒரு கேமரா வைத்திருப்பவருக்கு ஒன்று போதும். மூன்று கேமரா 50 பிரேமில் என்றால் இரண்டாவது எஞ்சின் உட்கார்ந்து சாப்பிடாது. கடையில் கேட்டால் "எல்லாம் ஐ5தான், ஒன்றுதான்" என்பார்கள். எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போய், பெட்டியின் மேலும் அதே எண் இருக்கிறதா, கடைசியில் எஃப் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மாற்றிய பிறகு இரண்டு வேலை இருக்கிறது. தனி கார்டு செருகியிருந்தால் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புப் பக்கம்) போய் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்பதுபோல் ஒரு வரி இருக்கும், போர்டுக்குப் போர்டு பெயர் கொஞ்சம் மாறும், அதை இயக்குங்கள். விண்டோஸில் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரைப் போடுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டும் தெரிய வேண்டும். கடைசியாக, எடிட்டிங் மென்பொருளின் அமைப்புகளில் டிகோட் செய்ய இன்டெலையும் அனுமதித்திருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் என்விடியாவுக்கு மட்டும் டிக் விழுந்திருக்கும். இதையெல்லாம் செய்யாவிட்டால் எஃப் இல்லாத சிப்பை வாங்கியும் எஃப்-ஐ வாங்கிய கதைதான்.


தேனிக்காரன் எழுதியது:

12500, எழுதிக்கொண்டேன் அக்கா. ஆடி மாதம் வேலை இருக்காது, அப்போது பார்க்கிறேன். வியாழக்கிழமை போடியில் ஒரு முகூர்த்தம், மாலையில் திரையிட வேண்டும். மூன்று கேமராவையும் 4:2:0-க்கு மாற்றி, பையன்கள் கை வைக்காதபடி அமைப்பைச் சேமித்து வைத்துவிட்டேன்.